சீட்டு எண் 4117: நெஷ்

பான், ஜெர்மனி
04.11.2024

அன்புள்ள குணேஸ்வரிக்கு,

நேற்று முன்தினம் மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு, "நெஷ்" என்ற சொல்லை எமது அகராதியில் சேர்ப்பதென மூன்றுக்கு இரண்டு வாக்குகளால் முடிவு செய்யப்பட்டது. விவாதம் இரண்டு மணி நாற்பது நிமிடம் நீடித்தது. முடிவு அறிவிக்கப்பட்டபோது ஒருவரும் கைதட்டவில்லை. கூட்டக் குறிப்பில் அது "கனத்த அமைதி" என்று பதியப்பட்டுள்ளது. பதினொரு ஆண்டுகளில் ஒரு சொல்லுக்காக எமது குழு வாக்கெடுப்புக்குப் போனது இதுவே முதல் முறை என்பதால், அந்த நாளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எதிர்த்தவர்களில் உமாபதி அண்ணையும் ஒருவர். "ஜெர்மனியில இருக்கிற எங்கட சனத்துக்கு இங்கிலீசுக்காரன்ர கிராமத்துச் சொல்லு என்னத்துக்கு, தம்பி?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். இங்கிலாந்தின் வட்டாரச் சொற்களுக்குத் தமிழில் ஓர் அகராதி இல்லை என்பதும், அப்படி ஒன்றை இதுவரை எவரும் கேட்கவில்லை என்பதும் இரண்டுமே உண்மை, முதலாவது உண்மைதான் எமக்கு முக்கியம் என்று பதில் சொன்னேன்.

சொல் எப்படி வந்தது என்பது உமக்குத் தெரியும். ஆகஸ்ட் 17 அன்று நீர் தையல் இயந்திரத்தை எடுக்க வந்தீர். எமது குழுவில் மிக இளையவரான தக்சாயினி, இங்கே பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிப்பவர், இயந்திரத்தின் மறுமுனையைப் பிடித்தார். படிக்கட்டில் வைத்து அவர், "அங்கிள் ஏன் ஆகஸ்டில மஃப்ளர் கட்டியிருக்கிறார்?" என்று கேட்டாராம். நீர், "அவர் நெஷ்" என்றீராம். பிள்ளை இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மேலே ஓடிவந்து அகராதிச் சீட்டில் எழுதியது. எண் 4117.

நான் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. நொட்டிங்காம்ஷயரில் ஐந்து ஆண்டுகள் இருந்தோம். முதியோர் இல்லத்தில் வேலை செய்த நீர், மேலங்கிப் பையில் ஆயிரத்து நூறு சொற்களை எழுதிக் கொண்டுவந்து தந்தீர். இந்த ஒன்றை மட்டும் தரவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. பதிவு செய்கிறேன்.

விதி 9 இன்படி, ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டும், உண்மையாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் வேண்டும், அது சொல்லப்பட்ட தேதி, இடம், சூழல் வேண்டும். படிக்கட்டில் சொன்னது செல்லாது. அது விளக்கம், பயன்பாடு அல்ல. இணைத்துள்ள வெற்றுச் சீட்டை நிரப்பி அனுப்பவும்.

உமது சட்டத்தரணியின் கடிதமும் கிடைத்தது. நாங்கள் ஜனவரி 20 முதல் பிரிந்து வாழ்வதாக எழுதியிருக்கிறார். ஜனவரியில் நீர் தோழி வீட்டுக்குப் போனீர். அது பயணம். பிரிவு என்பது தையல் இயந்திரம் படியிறங்கிய ஆகஸ்ட் 17. நகரசபை முகவரிப் பதிவும் அப்படித்தான் சொல்கிறது.

இங்ஙனம்,
கா. விமலநாதன்
தலைமைப் பதிப்பாசிரியர்


நொய்கெல்ன், பேர்லின்
11.11.2024

தலைமைப் பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தையல் கடையில் வைத்து வாசித்தேன். என் தோழி பற்றிமா சிரித்ததில் ஊசி கைதவறிக் குத்திவிட்டது. வாக்கெடுப்பு நடத்தியது நல்லது. இருபத்தாறு வருடத்தில் என்னைப் பற்றி வீட்டில் ஒரு தடவையும் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

முதலில் என் விஷயம். இந்த நாட்டில் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தால்தான் விவாகரத்து விண்ணப்பம், அந்த அன்ட்ராக், போடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ஜனவரி 20 என்று ஒத்துக்கொண்டால் இன்னும் பத்துக் கிழமை. ஆகஸ்ட் என்றால் இன்னொரு குளிர்காலம் முழுவதும். நாள் நிரூபிக்காமல் போட்டால் கோர்ட் தள்ளிவிடும், திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று சட்டத்தரணி சொல்கிறார். பற்றிமா சாட்சி சொல்வாள், ஆனால் தோழி சொல்வதைவிட ஒரு கடதாசி பெறுமதி என்கிறார். என்னிடம் கடதாசி இல்லை. ஆகஸ்ட் வரை நான் பற்றிமாவின் அறையில் பதியாமல் இருந்தேன். இதெல்லாம் தெரிந்துதான் நீங்கள் ஆகஸ்ட் என்கிறீர்கள்.

இங்கே மாடிக் கட்டிடத்தில் தனித்தனி வீட்டுக்கு இலக்கம் இல்லை. கீழே மணியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரன் தருவான். என் மணியில் விமலநாதன் என்று இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதை அழுத்தி வருகிறவர்களுக்கு நான் கதவு திறக்கிறேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. இன்னொரு குளிர்காலம் அந்தப் பெயரில் கழிக்க விருப்பமில்லை.

இனி உங்கள் விஷயம். நெஷ் என்றால் குளிருக்குப் பயந்தவர். ஆனால் நோய் வருத்தக்காரரைச் சொல்வதில்லை, குழந்தையைச் சொல்வதில்லை. கோட்டு இருக்கும், சப்பாத்து இருக்கும், இருந்தும் வெளியில் வராதவரைத்தான் சொல்வார்கள். இல்லத்தில் ஆர்தர் என்று ஒருவர் இருந்தார், தொண்ணூற்றொரு வயது, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஜனவரியில் சன்னலைத் திறந்து வைப்பார். யாராவது சாத்தினால் "நெஷ்" என்பார். தாதிக்குச் சொல்வார், மகனுக்குச் சொல்வார், எனக்கும் சொல்வார். டொக்டருக்கு மட்டும் சொன்னதில்லை. டொக்டர் சாத்தினால் பேசாமல் போர்வையை இழுத்துக்கொள்வார்.

வெற்றுச் சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். ஜனவரி 20 என்ற நாளை ஒத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்லைப் பற்றிப் பேசலாம்.

குணேஸ்வரி


பான்,
19.11.2024

அன்புள்ள குணேஸ்வரிக்கு,

ஒரு சொல்லைப் பணயம் வைப்பது நாகரிகமில்லை. இருந்தாலும் ஆர்தர் பற்றிய தகவலுக்கு நன்றி. அதை வைத்துப் பின்வரும் பொருள் வரைந்துள்ளேன்:

"நெஷ்: குளிரைத் தாங்கும் ஆற்றல் இயல்பாகவே குறைந்த உடலமைப்புக் கொண்ட."

குழு இதை வாசித்த அன்று மண்டபத்தின் வெப்பமூட்டி, ஹைட்சுங், பத்தொன்பது பாகையில் இருந்தது. நான் கோட்டும் தொப்பியும் கையுறையும் அணிந்திருந்தேன். தக்சாயினி என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அங்கிள், 'இயல்பாகவே' எண்டதை எடுப்பமே?" என்று கேட்டார். நான் எடுக்கவில்லை. "தலைவர் சொல்லுக்குச் சட்டை தைக்கிறார், தன்ர அளவில" என்று உமாபதி அண்ணை சொன்னார். கூட்டக் குறிப்பில் அது சேர்க்கப்படவில்லை.

நீர் வீட்டைவிட்டு எடுத்துச் சென்ற பொருட்களில் சுடுதண்ணீர்ப் பையும் ஒன்று. அது பொதுச் சொத்து. நீர் ஒருநாளும் அதைப் பயன்படுத்தியதில்லை. எதற்காக எடுத்தீர் என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயன்றபோது கால் விறைத்துவிட்டது.

நாள் பற்றி: ஆகஸ்ட் 17. நீர் ஜனவரியில் போனபோது உமது சேலைகள், சமையல் பாத்திரம், இயந்திரம் யாவும் இங்கிருந்தன. ஒருவர் தையல் இயந்திரத்தை விட்டுவிட்டுப் பிரிந்து போவதில்லை. இது என் தனிப்பட்ட கருத்து அல்ல, பொது அறிவு.

சீட்டை மீண்டும் இணைத்துள்ளேன். ஒன்று போதாது என்றால் என்று ஐந்து வைத்திருக்கிறேன்.

கா. விமலநாதன்


நொய்கெல்ன்,
30.11.2024

இஞ்சாருங்கோ,

பழக்கத்தில் அப்படித் தொடங்கிவிட்டேன். வெட்டி எழுத இன்னொரு தாள் வீணாகும், இருக்கட்டும்.

ஐந்து சீட்டு அனுப்பினீர்கள். ஐந்தையும் நிரப்பிவிட்டேன். உங்களுக்குச் சொல் வேண்டும், எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது.

முதலாவது, 2012 மே மாதம். ஒருநாள் நீங்கள் இல்லத்துக்கு என்னைக் கூட்டிப்போக வந்தீர்கள். சரியாகச் சொன்னால், அந்த ஒருநாள் மட்டும்தான் வந்தீர்கள். இரண்டு ஸ்வெட்டர். ஆர்தர் சன்னலால் பார்த்துவிட்டு, "உன்ர ஆள் நெஷ், பிள்ளை" என்றார்.

இரண்டாவது, குப்பைத் தொட்டி. எங்கள் வாசலில் இருந்து மூன்று எட்டு. பக்கத்து வீட்டு டொரீன் ஒவ்வொரு செவ்வாயும் நான் தள்ளுவதைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வாள். ஐந்து வருடம், ஒரே சொல். தேதி கேட்டால் எல்லாச் செவ்வாயும் என்று போடுங்கள்.

மூன்றாவதுக்குப் படம் இருக்கிறது. என் அக்கா சந்திரா வீடு குடிபுகுந்த அன்று முற்றத்தில் எல்லாரும் நின்று எடுத்தது. நீங்கள் எங்கே என்று தேடினால் பின்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையில் தேநீரோடு நிற்கிறீர்கள். படம் எடுத்தவர் சொன்ன சொல்லைச் சீட்டில் எழுதியிருக்கிறேன்.

நான்காவதை நீங்கள் கிழித்துவிடுவீர்கள் என்று தெரியும், அதனால் பிரதி வைத்திருக்கிறேன். வட்டாரச் சொல் சேர்க்கப் போகிறேன் என்று சந்தைக்குப் போனீர்கள். பெப்ரவரி 2013. இருபது நிமிடத்தில் திரும்பி வந்து, "இனி உம்மட காதால கேட்டுக்கொண்டு வாரும்" என்றீர்கள். அதன் பிறகு உங்கள் அகராதிக்காகக் குளிரில் நின்றது நான். மீன்காரன், பஸ் ஓட்டுகிறவன், ரொட்டிக் கடைக்காரி எல்லாரும் என்னிடம்தான் பேசினார்கள். அட்டையில் உங்கள் பெயர் இருக்கும். நான் தகவலாளர். பிள்ளை இல்லாத வீட்டில் நாலாயிரம் சீட்டுக்கு இடம் இருந்தது, நானும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. உங்களைப் பற்றி ஊர் சொன்னதை உங்கள் மேசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போது.

ஐந்தாவது, 20.01.2024, பான் ரயில் நிலையம். அதற்குக் கடிதத்தில் விளக்கம் தேவையில்லை. உங்களுக்குத் தெரியும்.

சுடுதண்ணீர்ப் பையை எடுத்தது நான்தான். வேண்டுமென்றுதான் எடுத்தேன்.

குணேஸ்வரி


பான்,
10.12.2024

அன்புள்ள குணேஸ்வரிக்கு,

ஐந்து சீட்டுகளும் குழுவின் முன் வைக்கப்பட்டன. அவை வாசிக்கப்பட்ட முப்பது நிமிடமும் நான் தலைமை தாங்கினேன். அதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் உறுப்பினர்கள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

முதல் நான்கும் நிராகரிக்கப்பட்டன. ஒன்றுக்கு நாள் இல்லை, ஒன்றுக்கு எல்லா நாளும் இருக்கிறது, ஒன்றில் சொன்னவர் பெயர் தெரியாது. நான்காவதில் அந்தச் சொல்லே வரவில்லை, என்னைப் பற்றிய முறைப்பாடு மட்டும் வருகிறது.

ஐந்தாவதைத் தக்சாயினி விடமாட்டேன் என்கிறார். "அங்கிள், இது தங்கம். நாள் இருக்கு, நேரம் இருக்கு, சொன்னவ இருக்கிறா. கேட்ட மனிசி அந்த ஊர்க்காரி, சொல்லைக் கேட்ட உடன விளங்கிக்கொண்டிருக்கிறா" என்றார். உமாபதி அண்ணை எதிர்த்து வாக்களித்தவர் என்பதை மறந்து, "அது சரி, சொன்னாப் பிறகு என்ன நடந்தது? அது தெரிஞ்சாத்தானே சொல்லு எவ்வளவு காரம் எண்டு தெரியும்" என்று ஒரு புதிய நிரலைக் கேட்டார். இப்போது சீட்டில் "விளைவு" என்றொரு நிரல் சேர்ந்துவிட்டது. மூன்றுக்கு இரண்டு.

விதி 9 இன் இரண்டாம் பகுதி, வாக்கியத்தில் குறிப்பிடப்படும் நபர் உயிருடன் இருந்தால் அவர் சூழலை உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது. அந்த விதியை எழுதியவன் நான். உயிருடனும் இருக்கிறேன்.

சூழலை நான் மறுக்கிறேன். அன்று நான் வராததற்குக் காரணம் குளிர் அல்ல. "எஸ்" எழுத்தின் அச்சுப்படி அன்று திருத்தப்பட வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு மாற்று வாக்கியத்தைத் தயாரித்து அனுப்புகிறேன்: "என் மாமா நெஷ் ஆனவர், ஆதலால் அவர் மஃப்ளர் அணிகிறார்." இதில் எவரும் புண்படவில்லை. நீர் கையொப்பமிட்டால் போதும். டிசம்பர் 31க்குள் வராவிட்டால் சொல் கைவிடப்படும்.

கா. விமலநாதன்


நொய்கெல்ன்,
21.12.2024

இஞ்சாருங்கோ,

எனக்கு மாமா இல்லை. என் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் பெண்கள் மட்டும். இருபத்தாறு வருடத்தில் இதையும் நீங்கள் கவனிக்கவில்லை. இல்லாத மாமாவுக்கு மஃப்ளர் கட்டி நான் கையொப்பம் வைக்க மாட்டேன்.

அன்று நடந்ததை எழுதுகிறேன். உங்கள் சீட்டில் இடம் காணாது.

நாங்கள் முன்பு இருந்த மான்ஸ்பீல்டுக்கு, அக்காவின் ஒபரேசனுக்குப் போய் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்தேன். விமான நிலையத்தில் இருந்து பஸ்ஸில் பான் ரயில் நிலையத்துக்கு வந்து இறங்கியபோது மதியம் ஒரு மணி. இரண்டு பெட்டி. மைனஸ் எட்டு. உங்களுக்குப் போன் எடுத்தேன்.

"வந்திட்டன். நிலையத்தில நிக்கிறன். ஒரு பெட்டி பாரம், வாறியளே?"

"டிராம் இருக்கல்லே. அதில ஏறி வாருமன்."

"நிறுத்தத்தில இருந்து வீட்டுக்குப் பத்து நிமிசம் நடக்க வேணும். ரெண்டு பெட்டி எனக்கு ஏலாது."

"இஞ்ச மைனஸ் எட்டு, குணேஸ்."

"இஞ்சயும் மைனஸ் எட்டுத்தான்."

"அப்ப உள்ளுக்க நில்லும். கொஞ்சம் வெயில் வரட்டும்."

ஜனவரியில், பானில், வெயில் வரட்டும் என்றீர்கள். "எஸ்" எழுத்தைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது இந்த டிசம்பரில்தான் வந்திருக்கிறது.

ஐம்பது நிமிடம் நின்றேன். டொரீன் அங்கிருந்து போன் எடுத்தாள், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா, அவர் வந்துவிட்டாரா என்று கேட்டாள். அவருக்கு வெளியில் வர ஏலாது, நெஷ் என்றேன். "இன்னுமா?" என்று கேட்டாள். அந்த "இன்னுமா"வோடு நான் கொலோன் போகும் ரயிலில் ஏறினேன், அங்கே பேர்லினுக்கு மாறினேன்.

பாரமான பெட்டியில் என்ன இருந்தது என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. உங்களுக்கு வாங்கிய மின்சாரப் போர்வை. இரட்டைக் கட்டில் அளவு, ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கலாம். மான்ஸ்பீல்ட் சந்தையில் பார்த்தபோது இது அவருக்கென்றே செய்தது என்று நினைத்தேன். இப்போது அது எங்கள் கடையில் பற்றிமாவின் காலடியில் இருக்கிறது. நல்ல பொருள், அவள் புகழ்கிறாள்.

சொல் வேண்டுமென்றால் நடந்ததை எழுதிக் கையொப்பம் வையுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். "நெர்வஸ்"சுக்கும் "நெஸ்ட்"டுக்கும் நடுவில் ஒரு வெற்று இடம் இருக்கும். ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரியும்.

குணேஸ்வரி


பான்,
14.01.2025

அன்புள்ள குணேஸ்வரிக்கு,

டிசம்பர் 31 கடந்துவிட்டது. சொல் கைவிடப்படவில்லை. கால எல்லையை நீடிக்கும் அதிகாரம் தலைவருக்கு உண்டு, விதி 3.

"எஸ்" எழுத்தின் அச்சுப்படிகளை எடுத்துப் பார்த்தேன். அவை 2024 ஏப்ரலில் வந்திருக்கின்றன. பதிப்பாசிரியர் ஒருவர் தேதியில் தவறுவது பாரதூரமானது. கூட்டத்தில் அதை அறிவித்தேன். உமாபதி அண்ணை, "சரி, இப்ப உண்மையை எழுதுமன், வீட்டுக்குப் போவம்" என்றார்.

எழுதினோம். சொற்பிரயோகத்துக்காக இரண்டு மணி நேரம் எடுத்தது. முழுமையாகத் தருகிறேன்:

"சீட்டு எண் 4117. நெஷ்.
வாக்கியம்: அவருக்கு வெளியில் வர ஏலாது, நெஷ்.
சொன்னவர்: குணேஸ்வரி விமலநாதன். கேட்டவர்: டொரீன், மான்ஸ்பீல்ட், தொலைபேசியில்.
இடம்: பான் மத்திய ரயில் நிலையம். நாள்: 20.01.2024, பிற்பகல் 1.50.
சூழல்: வெப்பநிலை மைனஸ் எட்டு. குறிப்பிடப்படும் நபர் சொன்னவரின் கணவர். அவர் வீட்டில் இருந்தார். வேறு வேலை இருக்கவில்லை. அவரிடம் கோட்டு இருந்தது.
விளைவு: சொன்னவர் அன்றே பேர்லினுக்குச் சென்றார். அந்த நாளிலிருந்து அவர் கணவருடன் ஒரே வீட்டில் வாழவில்லை. 17.08.2024 அன்று தையல் இயந்திரத்தை எடுக்க வந்து நாற்பது நிமிடம் நின்றார். தேநீர் குடிக்கவில்லை.
மேற்கண்டவை உண்மை என உறுதிப்படுத்துகிறேன். கா. விமலநாதன்."

"விளைவு" நிரலில் நான் முதலில் "சொன்னவர் பயணம் சென்றார்" என்றுதான் எழுதினேன். தக்சாயினி, "அங்கிள், அவ திரும்பி வந்தவவே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அதைத்தானே எழுத வேணும்" என்றார். அகராதியில் பொய் எழுத முடியாது.

நூலகத்தில் வைக்கப் போகும் சீட்டுகள் தமிழ், ஜெர்மன் இரு மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி 12. ஆகவே தக்சாயினி ஜெர்மன் மொழிபெயர்ப்பும் செய்தார். இரண்டிலும் கையொப்பமிட்டு, குழுவின் முத்திரை வைத்து, மூலப்பிரதி ஒன்றை உமக்கு அனுப்புகிறேன். எமது அகராதியில் சான்று முழுமையாக அமைந்த முதற் சொல் இது.

உமது சட்டத்தரணியின் கேள்விக்கு என் நிலைப்பாடு மாறவில்லை. ஆகஸ்ட் 17.

இதைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்குத் தபால் கந்தோருக்கு நேரில் போக வேண்டும். இன்று மைனஸ் ஆறு. வரிசை கதவுக்கு வெளியே வரை நின்றது. இருபத்தைந்து நிமிடம். இதை முறைப்பாடாக எடுத்துக்கொள்ளவும்.

கா. விமலநாதன்


நொய்கெல்ன்,
03.02.2025

திரு. விமலநாதன் அவர்களுக்கு,

பதிவுத் தபால் கிடைத்தது. கையொப்பம் வைத்து வாங்கினேன்.

சட்டத்தரணி அன்ட்ராக்கைக் கொடுத்துவிட்டார். சீட்டு எண் 4117 அதில் மூன்றாவது இணைப்பு. கணவரே எழுதி, கையொப்பம் வைத்து, முத்திரையும் குத்தி, மொழிபெயர்த்தும் அனுப்பிய கடதாசியை முப்பது வருடத்தில் தான் பார்த்ததில்லை என்று சொன்னார். தேநீர் பற்றிய வசனத்தை இரண்டு தரம் வாசித்தார்.

மற்றச் சீட்டுகளை எல்லாம் அவர் சாதாரண தபாலில்தானே அனுப்புகிறவர், இதை மட்டும் ஏன் பதிவுத் தபாலில் அனுப்பினார் என்று பற்றிமா கேட்டாள். தெரியாது என்றேன்.

உங்கள் பொருளில் ஒரு பிழை இருக்கிறது. திருத்தாமல் அச்சடித்தால் மான்ஸ்பீல்டில் சிரிப்பார்கள். நெஷ் என்று எல்லாரையும் சொல்வதில்லை. வீட்டு ஆளைச் சொல்வார்கள், கூட வேலை செய்கிறவரைச் சொல்வார்கள், சன்னலைத் திறந்து வைத்தால் கோபிக்காதவரைச் சொல்வார்கள். ஆர்தர் டொக்டருக்குச் சொல்லாதது அதனால்தான். அந்நியரை நெஷ் என்பதில்லை. அந்நியருக்குக் குளிர்கிறது, அவ்வளவுதான்.

ஆகையால் இனி அந்தச் சொல்லை உங்களுக்கு நான் பயன்படுத்த முடியாது. வேறு தகவலாளரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுடுதண்ணீர்ப் பையைத் தனிப் பொதியாக அனுப்பியிருக்கிறேன். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன்.

குணேஸ்வரி


பான்,
06.10.2025

அன்புள்ள குணேஸ்வரிக்கு,

அகராதி வெளிவந்துவிட்டது. 412 பக்கம், நூற்றைம்பது பிரதிகள். வெளியீட்டு விழாவுக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். உமாபதி அண்ணை வாழ்த்துரையில், "இது என்னத்துக்கு எண்டு இப்பவும் எனக்குத் தெரியாது, ஆனா எழுத்து வடிவாத் தெரியுது" என்றார்.

ஜூலை 17 அன்று நீதிமன்றத்தில் உம்முடன் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. எல்லாம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. நீதிபதி சீட்டைக் காட்டி, இது உமது கையொப்பமா என்று கேட்டார். ஓம் என்றேன். நாள் சரியா என்று கேட்டார். விதி 9 ஐ விளக்கத் தொடங்கினேன். ஓம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும் என்றார். ஓம் என்றேன். வெளியே வந்தபோது முப்பத்திரண்டு பாகை என்று உமது சட்டத்தரணி சொன்னார். நான் கோட்டைக் கையில் வைத்திருந்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்.

உமது திருத்தம் குழுவில் வைக்கப்பட்டது. ஐந்துக்குப் பூச்சியம். 268ஆம் பக்கத்தில் இப்படி வந்திருக்கிறது:

"நெஷ்: கோட்டு இருந்தும் குளிருக்குப் பயந்து வெளியே வராத. நெருங்கியவரைப் பற்றி மட்டும் சொல்லப்படும்."

"இயல்பாகவே" என்பது எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தவன் நான்.

முன்னுரையில், "இந்நூலிலுள்ள சொற்களில் ஆயிரத்து நூற்றொன்றைக் குளிரில் நின்று கேட்டுத் தந்தவர் குணேஸ்வரி" என்று ஒரு வரி உண்டு. குழுவில் எவரும் ஆட்சேபிக்கவில்லை, நான் எவரையும் கேட்கவில்லை.

சுடுதண்ணீர்ப் பை ஒழுகவில்லை.

விதி 14 இன்படி தகவலாளருக்கு ஒரு பிரதி இலவசம். இத்துடன் அனுப்புகிறேன். முகவரி எமது பழைய பட்டியலில் உள்ளபடி: குணேஸ்வரி விமலநாதன், நொய்கெல்ன். பிழைகள் கண்டால் எழுதவும். பிழை காணாவிட்டாலும் எழுதலாம்.

கா. விமலநாதன்

கோப்புக் குறிப்பு, 21.10.2025: பொதி திரும்பி வந்தது. அந்த முகவரியில் விமலநாதன் என்ற பெயரில் அழைப்பு மணி இல்லை.